பூட்டிய வீட்டில் விழுந்த கற்கள்

டயகமப் பக்கத்துத் தோட்டமொன்றின் கோயில் கமிட்டித் தலைவர் ஒருநாள் மாலை என் வீட்டுக்கு வந்தார். செருப்பை வாசலில் விட்டு, கொண்டுவந்த வாழைப்பழச் சீப்பை மேசைமேல் வைத்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அவருடைய மகன் என்னிடம் விஞ்ஞானம் படித்தவன். இப்போது கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்க்கிறான். மகனுக்காக ஏதோ சிபாரிசு கேட்க வந்திருக்கிறார் என்று எண்ணினேன்.

"ஞாயித்துக்கிழம நம்ம வீட்டுக்கு ஒருக்கா வரணும் சேர். கோடாங்கியக் கூப்புட்டிருக்கோம். நீங்க சும்மா வந்து ஒக்காந்தாப் போதும்."

"உடுக்கு அடிச்சுக் குறி சொல்ற எடத்துல எனக்கு என்ன வேலை?"

"பெரிய மனுசரு ஒருத்தரு கூட இருந்தா நாளைக்கு யாரும் ஒன்னும் சொல்லமாட்டாங்க பாருங்க. அதுவும் நீங்க இதையெல்லாம் நம்பாத ஆளு. நீங்களே கண்ணால பாத்துட்டா அதுக்கு மேல பேச்சே இல்ல."

விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். வரிசை வீடுகளான லயங்களை விட்டு விலகி, வீடமைப்புத் திட்டத்தில் கட்டிக் கொடுத்த தனி வீட்டுக்கு அவர்கள் குடிபோயிருந்தார்கள். அந்த வீட்டின் தகரக் கூரையில் கல் விழுகிறது. எறிகிறவர் எவரையும் இதுவரை கண்டவர் இல்லை. மகன் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துப் பெண்ணொருத்தியை விரும்பி மணந்து, இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டுக் கொழும்புக்குத் திரும்பினான். அதன் பிறகே இது தொடங்கியது. மருமகள் வீட்டில் இருக்கும்போது விழுகிறது. அவள் இல்லாதபோது விழுவதில்லை. ஆகவே அவளோடு ஏதோ ஒன்று வந்திருக்கிறது. கோடாங்கி வந்து அவளை உட்காரவைத்து, வேப்பிலையால் அடித்து, உச்சிமுடியைக் கத்தரித்து, அதை மரத்தில் வைத்து ஆணி அடிப்பார். பிறகு அவளைத் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவது என்று முடிவாகியிருந்தது. மகனும் தொலைபேசியில் சம்மதித்துவிட்டானாம்.

"அந்தப் புள்ள என்ன சொல்லுது?"

"அவ என்னத்தச் சொல்லுவா சேர். அழுவுறா."

எனக்கு ஏன் அழைப்பு வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். நான் தோட்டத்து லயத்தில் பிறந்து, மிஷன் கல்லூரியொன்றில் தங்கிப் படித்து, இந்த மாவட்டத்திலேயே விஞ்ஞானம் கற்பித்து, உப அதிபராக ஓய்வு பெற்றவன். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்ந்தால் ஏன் சிவக்கிறது, உள்ளங்கையில் கற்பூரம் எரிந்தும் ஏன் கொப்பளிப்பதில்லை, தீமிதித்தவர் கால் ஏன் வேகவில்லை என்று திருவிழாப் பந்தல்களிலேயே செய்து காட்டியிருக்கிறேன். 'விளக்கம் சேர்' என்று ஒரு பெயர் எனக்கு உண்டு. அதைக் கேலியாக வைத்தவர்களும் பிற்காலத்தில் மரியாதையாகவே சொன்னார்கள். அந்தப் பெயரை நான் கவனமாகக் காத்து வந்தேன். அதை ஓர் இளம்பெண்ணின் முடியோடு சேர்த்து மரத்தில் அறைவதற்குத்தான் தலைவர் பழச்சீப்போடு வந்திருந்தார்.

"வாறேன். ஆனா சாட்சிக்கு ஒக்கார வரமாட்டேன். கேள்வி கேப்பேன்."

"கேளுங்க சேர். நீங்க கேக்காம யாரு கேக்குறது?" என்று அவர் மகிழ்ச்சியோடு எழுந்தார்.

ஞாயிறு காலை பஸ்ஸில் போகும்போது இளமைக்கால நிகழ்ச்சியொன்று நினைவுக்கு வந்தது. கல்லூரி விடுமுறையில் நோட்டன் பிரிட்ஜில் இருந்த சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். பிற்பகல் இடிமழையின்போது கைக்கடங்கும் தோடம்பழ அளவிலான ஒரு நெருப்புருண்டை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. அவசரமில்லாமல் அறையைக் கடந்து, அடுப்படி வாசலில் வெடித்து மறைந்தது. சித்தி அதைக் கொள்ளிவாய்ப் பிசாசு என்றார். கல்லூரிக்குத் திரும்பி என் பௌதிக ஆசிரியரிடம் சொன்னேன். நீ அதைப் பார்க்கவில்லை என்று ஒரே வாக்கியத்தில் அவர் முடித்துவிட்டார். மின்னலில் அப்படியும் ஒரு வகை உண்டென்று பலர் சொல்லியிருப்பதையும், அது என்னவென்று அறிஞர்களுக்குள் இன்னும் ஒருமுடிவு இல்லை என்பதையும் பின்னாளில் வாசித்து அறிந்தேன். சித்தியின் பிசாசை நான் ஒருநாளும் ஏற்றதில்லை. ஆனால் கண்ணால் கண்டதை நீ காணவில்லை என்று சொல்லும் ஆசிரியராகவும் நான் இருந்ததில்லை.

இத்தனையும் நினைத்துக்கொண்டு போனவன், போய் இறங்கியதும் அவசரப்பட்டேன்.

வீடு சரிவின் நடுவே தனியாக நின்றது. முன்புறம் பள்ளமும் அதற்கு அப்பால் எதிர்மலைத் தேயிலையும் தெரிந்தன. பின்புறத்தில் அண்மையில் கவ்வாத்து வெட்டிய மலை. செடிகளெல்லாம் முழங்கால் உயரக் குச்சிகளாக நின்றன. அதற்கும் மேலே ஒரு சிங்களவரின் முட்டைக்கோவாத் தோட்டமும் யூக்கலிப்டஸ் மர வரிசையும் இருந்தன. முற்றத்தில் கூட்டம் சேர்ந்திருந்தது. எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். கூரையை ஒருமுறை பார்த்தேன். வெயிலும் மூடுபனியும் மாறி மாறி வரும் இடம். எனக்குப் போதுமாக இருந்தது.

"வெயில் பட்டாத் தகரம் விரியும், பனி வந்தாச் சுருங்கும்," என்று ஆரம்பித்தேன். "விரியிறப்பவும் சுருங்குறப்பவும் ஆணி இருக்கிற எடத்துல 'டக்'குன்னு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டுக் கல்லுன்னு நினைக்கிறது..."

கூரையில் சத்தம் கேட்டது. பிறகு உருளும் ஓசை. கோழிமுட்டை அளவுள்ள ஒரு கல் தகர விளிம்பிலிருந்து நழுவி மழைநீர்க் காணில் விழுந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"சேர், தகரம் விரிஞ்சு குட்டி போட்டுருச்சுங்களா?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார். சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

கல்லை எடுத்துப் பார்த்தேன். அந்தச் சரிவில் எங்கு தோண்டினாலும் கிடைக்கும் சாதாரணக் கல். பின்புறம் போய்ப் பார்த்தேன். குச்சிச் செடிகளுக்கு இடையில் ஒரு கோழிகூட ஒளிய முடியாது. குரங்கும் இல்லை, மனிதரும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தபோது, இனிமேல் விளக்கத்தை முன்னால் வைத்துப் பேசுவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டேன்.

கோடாங்கி வந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். என்னைவிடச் சற்று மூத்தவர். நிமிர்ந்த நடை, நெற்றி நிறையத் திருநீறு. என்னைக் கண்டதும் உடுக்கைக் கீழே வைத்துக் கும்பிட்டார்.

"சேரும் வந்திருக்கீங்க. நல்லதாப் போச்சு. ஒங்க கோயில்லயும் இப்பப் பேய் ஓட்டுறாங்களாமே, மைக்கு வச்சு?"

கூட்டம் மறுபடியும் சிரித்தது. நான் கிறிஸ்தவன் என்பதைச் சுட்டினார். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை.

"அங்கயும் நான் இதே கேள்வியைத்தான் கேட்டேன். அதனாலதான் என்னைப் பின் வரிசையில ஒக்கார வச்சிருக்காங்க," என்றேன்.

அவருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. வெற்றிலையை மென்றபடி தலையாட்டினார். பிறகு உடுக்கை எடுத்து, கண்ணை மூடி நெடுநேரம் அடித்தார். கடைசியில் தலைவர் என்னிடம் சொன்னதையே பாட்டாகப் பாடினார்: வந்தவளோடு வந்தது, அவள் இருக்கும் கூரையைத் தேடி வருகிறது, அவள் இல்லாத கூரையைத் தொடுவதில்லை.

மருமகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெலிந்த பெண். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

"நீ என்னம்மா சொல்ற?"

"கல்லு விழுவுறது எனக்கும் பயந்தான் சேர்," என்றாள். வார்த்தைகள் தெளிவாக வந்தன. "நான் எதையும் கூட்டிக்கிட்டு வரல. வரலன்னு எப்புடிக் காட்டுறது? இந்தப் பேரோட திரும்பிப் போனா எங்க ஊர்லயும் என்னய வீட்டுக்குள்ள எடுக்க மாட்டாங்க. என் தங்கச்சியக் கட்ட யாரும் வரமாட்டாங்க."

"வாயப் பாரு," என்றார் மாமியார். "நேத்து வரைக்கும் ஊமச்சி. இன்னிக்குப் பெரிய மனுசனக் கண்டதும் பேச்சு வருது."

மாமியாரின் பக்கம் திரும்பினேன். "இந்தப் புள்ள வீட்டுல இல்லாதப்பக் கல்லு விழுவுறதில்லைன்னு யாரு பாத்தது?"

"நான்தாங்க. இவ இல்லாட்டி ஒரு சத்தம் இருக்காது."

"இவ எப்ப வீட்டுல இல்லாம இருப்பா?"

"காலையில பெரட்டுக்குப் போனாச் சாயந்தரந்தானே வாறது."

பெரட்டு என்பது காலையில் ஆள்கணக்கு எடுத்து வேலை பிரிக்கும் இடம். அதற்குப் போகாமல் தோட்டத்தில் யாருக்கும் அன்றைய வேலை கிடையாது.

"நீங்க அப்ப எங்க இருப்பீங்க?"

"நானும் பெரட்டுக்குத்தான் போறேன்."

"ஒங்க வீட்டுக்காரரு?"

"அவரு கவ்வாத்துக்குப் போயிருவாரு."

"அப்ப வீட்டுல?"

"வீட்டுல யாரு இருக்கிறது? பூட்டிட்டுத்தானே போறோம்," என்று முந்தானை முடிச்சிலிருந்த பூட்டுத் திறப்பைத் தூக்கிக் காட்டினார்.

சொல்லி முடித்த பிறகே தாம் சொன்னது அவர் காதில் விழுந்தது போலிருந்தது. திறப்பை மெல்ல இறக்கினார்.

"ஞாயித்துக்கிழம, போயா லீவு நாள்ல?"

"எல்லாரும்தான் இருப்போம்," என்றார் தலைவர் தாழ்ந்த குரலில். "புது மருமகளத் தனியா எங்கயும் அனுப்புறதில்லைங்க."

மாலையில் எல்லோரும் சேர்ந்தே வீட்டுக்கு வருகிறார்கள். விடிந்ததும் சேர்ந்தே வெளியேறுகிறார்கள். அவள் இருக்கும்போதெல்லாம் கேட்பதற்குக் காது இருந்தது. அவள் இல்லாதபோது வீட்டில் எந்தக் காதும் இல்லை. அக்கம்பக்கத்துத் தனி வீடுகளும் அதே வேளையில் பூட்டித்தான் கிடக்கும். குழந்தைகள், சிறுவர்களைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவிலும் பள்ளிக்கூடத்திலும் இருப்பார்கள். வீட்டைப் பூட்டி மலைக்குப் போகும் மக்கள், பூட்டிய வீட்டில் எதுவும் விழவில்லை என்று முடிவு கட்டியிருந்தார்கள். அதை நான் அங்கே இத்தனை வார்த்தைகளில் சொல்லவில்லை. சொல்லத் தேவை இருக்கவில்லை.

கோடாங்கிதான் முதலில் பேசினார். "சரி சேர். பூட்டின வீட்டுல விழுந்தா?"

"அதத்தான் நான் ஒங்களக் கேக்குறேன். இந்தப் புள்ள மலையில நிக்கிறப்ப இங்க கல்லு விழுந்தா நீங்க என்ன சொல்லுவீங்க? அத இப்பவே சொல்லுங்க. விழுந்த பிறகு யோசிச்சுச் சொல்ல வேணாம்."

அவர் கூட்டத்தைப் பார்த்தார். அவருக்கும் காப்பாற்ற ஒரு பெயர் இருந்தது.

"விழுந்தா இது அவமேல வந்ததில்ல. அவ முடியில நான் கை வைக்கமாட்டேன். விழாட்டி?"

"விழாட்டி நீங்க சொன்னதுல ஒரு பகுதி சரின்னு எல்லாரு முன்னாலயும் சொல்லிட்டுப் போவேன்."

"அது போதாது சேர்." அவர் கண்கள் சுருங்கின. "யாரும் எறியாமக் கல்லு விழுந்தா, அது என்னன்னு நீங்க சொல்லணும். விளக்கம் சேர்ல நீங்க. இல்லாட்டித் தெரியாதுன்னு இதே எடத்துல சொல்லணும்."

நான் எதிர்பாராத அடி அது. ஆனால் நியாயமானது. அவரிடம் கேட்டதை என்னிடமும் கேட்டார்.

"சொல்லுவேன்," என்றேன்.

அவர் கற்பூரம் கொளுத்தி, எரிகிற சுடரை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார். பிறகு இன்னொரு கற்பூரத்தை என் பக்கம் தள்ளினார். நான் தொடவில்லை.

"என் வார்த்தையே சத்தியந்தான்."

"பாப்பம்," என்றார் கோடாங்கி.

மறுநாளிலிருந்து நாங்கள் இருவரும் அந்த முற்றத்தில் உட்கார்ந்தோம். தனியே ஒருவர் உட்கார்ந்தால் மற்றவர் நம்பமாட்டார். ஆகவே பகைவர்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கொண்டோம். வீட்டார் கதவைப் பூட்டிவிட்டுப் போனார்கள். மருமகளை எதிர்மலையில் எங்கள் கண்ணுக்குத் தெரியும் நிரையில் நிறுத்தும்படி கங்காணியிடம் சொல்லி வைத்தோம். அவள் தலையில் மஞ்சள் துணி கட்டியிருந்தாள். என் பார்வைக்கு அது ஒரு புள்ளிதான். கோடாங்கிக்கோ முகமே தெரிந்தது. மேலே கோவாத் தோட்டத்துச் சிங்களவரிடமும் போய், எவராவது நடமாடினால் குரல் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

கொழுந்துக் கூடையோடு போகும் பெண்கள் எங்களை விடவில்லை. "பொண்ணு பாக்க வந்தீங்களா தாத்தா ரெண்டு பேரும்?" என்பாள் ஒருத்தி. "வீட்டுக்காரவுங்க இல்லாத வீடு. கதவத் தொறந்து தேத்தண்ணி யாரு குடுக்கிறது, பேயா?" என்பாள் மற்றொருத்தி. நான் கற்பித்த கல்லூரியில் என் முன் யாரும் உரத்துப் பேசியதில்லை. குடையை மடிமேல் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தேன்.

எதுவும் விழவில்லை. மறுநாளும் விழவில்லை. மூடுபனி வந்து கூரையை மறைத்தது, விலகியது, மீண்டும் வந்தது. கோடாங்கி வெற்றிலை மடித்து நீட்டினார். நான் மறுத்தேன். என் பிளாஸ்கிலிருந்து அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அவர் மறுக்கவில்லை.

"விழாட்டி என்ன செய்வீங்க சேர்?" என்றார். "புள்ளயக் கொண்டுபோய் விட்டுருவாங்களே."

"அதுக்காக நான் பொய் சொல்லமாட்டேன்."

"நான் பொய் சொல்றேன்னு நெனைக்கிறீங்க."

"இல்ல. நீங்க நம்புறீங்கன்னு நெனைக்கிறேன். அதுதான் எனக்குப் பயம்."

அவர் உரக்கச் சிரித்தார். பிளாஸ்க் மூடியை நீட்டி இன்னும் கொஞ்சம் தேநீர் கேட்டார்.

அந்த நாட்களில் என் மனம் ஓயவில்லை என்பதை மறைக்க மாட்டேன். விழவேண்டும் என்று விரும்பினேன். விழுந்தால் அந்தப் பெண் தப்புவாள்; ஆனால் ஊர் முன்னால் தெரியாது என்று சொல்லவேண்டியவன் நான். விழாவிட்டால் என் பெயர் ஓரளவாவது பிழைக்கும். அவளுடைய பெயர் போகும். கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எதை விரும்பினாலும் கண்டதை மட்டும்தான் சொல்வேன் என்பதை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

விழுந்த நாள் நல்ல வெயில். மஞ்சள் துணி எதிர்மலையில் நிரையோடு நகர்ந்துகொண்டிருந்தது. கோடாங்கி ஏதோ தொழிற்சாலைக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். கூரையில் சத்தம் கேட்டது. கல் உருண்டு காணில் விழுந்தது. இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். முதலில் கூரையைப் பார்க்கவில்லை, எதிர்மலையைத்தான் பார்த்தோம்.

"நிக்கிறா," என்றார் கோடாங்கி. "குனிஞ்சு பறிக்கிறா."

முழங்கால் வலியை மறந்து பின்புறம் ஓடினேன். வெட்டிய மலை வெறுமையாகக் கிடந்தது. மேலே சிங்களவர் மண்வெட்டியோடு நிமிர்ந்து நின்றார். இரு கைகளையும் விரித்து, "கவுருத் நே!" என்று கத்தினார்: யாரும் இல்லை. நான் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது கல் வந்தது. அது எங்கிருந்து கிளம்பியது என்பதைக் காணவில்லை. கூரைக்குச் சற்று மேலே, ஏறக்குறைய நேராகக் கீழே இறங்குவதை மட்டும் கண்டேன்.

கவணில் வைத்து எய்திருக்கலாம். யூக்கலிப்டஸ் வரிசைக்கு அப்பாலிருந்து எய்தால் இவ்வளவு தூரம் வருமா? ஏறிப் போய்ப் பார்த்தேன். மரங்களின் அடியில் உதிர்ந்த இலையில் புதிய காலடி எதுவும் தெரியவில்லை. தெரியாமல் போவதும் சாத்தியம். சிங்களவர் என்னோடு சேர்ந்து தேடினார். இறங்கி வந்தபோது மூச்சு வாங்கியது.

"சொல்லுங்க சேர்," என்றார் கோடாங்கி. அவர் குரலில் கேலி இல்லை.

"யாரோ எறிஞ்சிருக்கலாம். நான் காணல. வேற எதுவாவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது." அந்தச் சொல் வாயில் புதிதாக இருந்தது. "இப்ப நீங்க சொல்லுங்க."

அவர் எதிர்மலையைப் பார்த்தார். "ஆளு அங்க இருந்தாலும், ஏவி விட்டா இங்க வரும் சேர்."

"கற்பூரத்துக்கு முன்னால அத நீங்க சொல்லலியே."

வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சொல்லல," என்றார். "சொல்லலத்தான்."

ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் முன்னதைவிடக் கூட்டம் அதிகம். இளைஞன் ஒருவன் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தான். கோடாங்கி எழுந்து, பூட்டிய வீட்டில் கல் விழுந்ததைத் தாம் கண்டதாகவும், அது மருமகள்மேல் வந்ததில்லை என்றும், அவள் முடியைத் தாம் தொடப்போவதில்லை என்றும் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து உட்கார்ந்தார்.

நான் எழுந்தேன். மேடைகளில் எதையும் பிடித்துக்கொண்டு பேசியவன் அல்ல நான். அன்று குடையை ஊன்றிக்கொண்டேன்.

"கல்லு விழுந்தத நானும் பாத்தேன். எங்கயிருந்து வந்ததுன்னு எனக்குத் தெரியாது."

முற்றத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

"சேருக்கே தெரியாதுன்னா அப்பப் பேய்தானே?" என்று கைப்பேசி பிடித்தவன் கேட்டான்.

"எனக்குத் தெரியாதுன்னுதான் சொன்னேன். பேயின்னு சொல்லல. பேய் இல்லைன்னும் இன்னிக்கு நான் காட்டல. நாலு நாள்ல காட்டுற விஷயமும் இல்ல அது. இன்னும் தேடுவேன், யாராவது எறியிறதப் பாத்தா எனக்குச் சொல்லி அனுப்புங்க. ஆனா ஒன்னு தெரியும். இந்தப் புள்ள எதிர்மலையில கொழுந்து பறிக்கிறத நாங்க ரெண்டு பேரும் பாத்தோம்."

"அப்ப யாருதான் எறியிறா?" மாமியார் கிட்டத்தட்ட அழுதார். "ராவாப் பகலா நாங்க இந்தக் கூரைக்குக் கீழ இருக்கணுமே! ஒருத்தரும் ஒன்னும் சொல்லாமப் போனா?"

அவருடைய பயம் உண்மையானது என்பது அப்போதுதான் எனக்கு முழுமையாகப் பட்டது. பயத்துக்கு ஒரு முகம் கிடைத்தால் தாங்கிக்கொள்ளலாம் என்று அவர் நினைத்திருக்கிறார். அந்த முகத்தை நான் பறித்துவிட்டேன். பதிலுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

"பதில் கெடைக்கலைங்கிறதுக்காகக் கையில கெடைச்ச ஆளப் பதிலாக்க முடியாதும்மா," என்றேன். "கூரைக்கு மேல வலை கட்டச் சொல்லுங்க. பொலிசுல சொல்லுங்க. ஒங்க கோயில்ல பூசையும் போடுங்க, நான் தடுக்கமாட்டேன். அந்தப் புள்ளயத் தொடாதீங்க."

தலைவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவடியில் நின்ற மருமகள்தான் பேசினாள்.

"நாளைக்கு நான் பெரட்டுக்குப் போவேன் மாமி. எங்கயும் போகமாட்டேன். அவரு வந்து சொல்லட்டும், அப்பவும் போகமாட்டேன்."

தலைவர் எழுந்து போய், கோடாங்கி கொண்டுவந்திருந்த வேப்பிலைக் கட்டைத் தூக்கி வேலி ஓரமாக வைத்தார்.

அடுத்த வாரம் என் தொலைபேசி ஓயவில்லை. அந்த இளைஞன் எடுத்த காட்சி, 'தெரியாது' என்று நான் சொன்ன இடத்தோடு நிறுத்தப்பட்டு, பேய் இருப்பதை விஞ்ஞான ஆசிரியரே ஒப்புக்கொண்டார் என்ற தலைப்போடு பரவியிருந்தது. என்னோடு கற்பித்த ஒருவர் கோபத்தோடு அழைத்தார்: "குரங்கு என்று ஒரு மறுப்பு வெளியிடுங்கள். எல்லோருடைய மானமும் போகிறது." நான் குரங்கைக் காணவில்லை என்றேன். ஜெப வீடொன்றிலிருந்து ஒரு போதகர் அழைத்து, மேடையேறிச் சாட்சி சொல்ல முடியுமா என்று பணிவாகக் கேட்டார். சாட்சி சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை என்றேன். இரு தரப்பாருமே என்மேல் வருத்தப்பட்டார்கள். அந்த இளைஞனைத் தேடிப் போய், மிச்சக் காட்சியையும் போடவைத்தேன். முன்னையதை ஊரே பார்த்தது. பின்னையதை மிகச் சிலரே பார்த்தார்கள்.

பெயரென்றால் இப்போது எனக்கு வேறு பெயர். பஸ்ஸில் ஒருநாள் பின் இருக்கையில், "அந்தா போறாரு, தெரியாத சேரு," என்று யாரோ சொல்லக் கேட்டேன். திரும்பிப் பார்த்தேன். சொன்னவன் எழுந்து எனக்கு இடம் கொடுத்தான். உட்கார்ந்து கொண்டேன். பழைய பெயரை இழந்தது எனக்கு வலிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். மீட்டுக்கொள்ள வழியும் இருந்தது. குரங்கு என்ற ஒரு சொல் போதும். அதை நான் சொல்லவில்லை, சொல்லப் போவதும் இல்லை.

மழைக்காலம் தொடங்கிச் சில நாட்கள் வரை கற்கள் விழுந்து, பிறகு நின்றுபோயின. கோயிலில் போட்ட பூசையால் நின்றது என்கிறார் கோடாங்கி. எறிந்தவன் சேர் மலையேறித் தேடுவதைக் கண்டு பயந்துவிட்டான் என்கிறார் தலைவர். பின்னதுதான் நடந்திருக்கும் என்று எனக்கும் தோன்றுகிறது. தோன்றுவதை அறிந்ததாக நான் எண்ணிக்கொள்வதில்லை. மழையீரத்தில் வழுக்கும் அந்தச் சரிவில் இரண்டு தடவை ஏறித் தேடிவிட்டேன். இன்னும் ஒரு தடவை ஏறுவேன்.

கடைசியாகப் போனபோது வேலை விட்டிருந்த நேரம். கொழுந்துக் கூடைகளோடு பெண்கள் பாதையில் வந்துகொண்டிருந்தார்கள். மாமியார் மெல்லப் பின்னால் வந்தார். மருமகள் முன்னால் ஏறி வந்து என்னைக் கண்டு நின்றாள்.

"வாங்க சேர். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

பழக்கத்தில் கூரையைப் பார்த்தேன். அவள் கவனித்துவிட்டாள்.

"இப்ப விழுவுறதில்ல சேர்."

"ஏன் நின்னுச்சுன்னு நினைக்கிற?"

"தெரியல," என்றாள் சாதாரணமாக. தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த திறப்பை எடுத்துக் கதவைத் திறந்தாள்.